சந்தாவும் வாக்கும்: அமெரிக்க மாதிரி விமானச் சங்கத்தின் நிர்வாகம் பற்றி

வாசகர் கேள்வி (டென்வர்), 4 ஜனவரி 2025

சில ஆண்டுகளாக அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ், அதாவது ஏ.எம்.ஏ.வில் உறுப்பினராக இருக்கிறேன். அட்டை இல்லாவிட்டால் கிளப் களத்துக்குள் விமானத்தைக் கொண்டுபோக முடியாது என்பதற்காக மட்டுமே சந்தா கட்டுகிறேன். இண்டியானாவில் உள்ள தலைமையகத்தில் யார் என்ன தீர்மானிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. காப்பீட்டை ஏதாவது ஒரு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிக்கொண்டு, சங்கத்தைக் கலைத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

5 ஜனவரி 2025

முதலில் குறையப்போவது நாம் பறக்கவிடும் உரிமைதான். அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வுக்கான 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 349-ஆவது பிரிவு, பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவர் எவரும் ஒரு "சமூக அடிப்படையிலான அமைப்பு" வகுத்த பாதுகாப்பு நெறிகளின்படியே பறக்கவிட வேண்டும் என்கிறது. அப்படிச் செய்யாதவர் வணிக ட்ரோன்களுக்கான 107-ஆம் பகுதி விதிகளுக்குள் போய், தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டும். அத்தகைய அமைப்புகளை எஃப்.ஏ.ஏ. 2022-இல் அங்கீகரிக்கத் தொடங்கியபோது முதலில் அங்கீகாரம் பெற்றவற்றுள் ஏ.எம்.ஏ.வும் ஒன்று. அந்த நெறிகளைப் பின்பற்ற உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உறுப்பினர் அல்லாத ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு நுரைப்பலகை விமானத்தைப் பறக்கவிடும்போதும் அவர் கடைப்பிடிக்கும் விதிகள் நம் சங்கத்தின் நிர்வாகக் குழு எழுதியவையாக இருக்கலாம்.

1936-இல் ஆர்வலர்கள் கூடித் தொடங்கிய ஒரு சங்கத்தின் விதித்தொகுப்பு இன்று சட்டத்தின் ஒரு பகுதிபோல இயங்குகிறது என்பதுதான் இந்த விவகாரத்தின் மையம் என்று நான் கருதுகிறேன். அதனால் அந்தச் சங்கம் தன் தீர்மானங்களை எப்படி எடுக்கிறது, அவற்றை யார் பார்க்க முடிகிறது, யார் மறுத்துப் பேச முடிகிறது என்பவை இனிமேல் வெறும் கிளப் விவகாரங்களாக இருக்க முடியாது.

காப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உறுப்பினருக்குக் கிடைக்கும் 25 லட்சம் டாலர் வரையிலான பொறுப்புக் காப்பீடு, உங்களுடைய வீட்டுக் காப்பீடு தீர்ந்த பிறகே வேலை செய்யும். அதைவிட முக்கியமானது, சங்கத்தின் பட்டயம் (முறையான இணைப்பு) பெற்ற கிளப்பின் வழியாக நில உரிமையாளருக்கும் நீட்டிக்கப்படும் பாதுகாப்பு. நகராட்சிப் பூங்காவாக இருந்தாலும், மூடப்பட்ட குப்பைக் கிடங்காக இருந்தாலும், விவசாயியின் மேய்ச்சல் நிலமாக இருந்தாலும், குத்தகை பேசப் போனால் முதலில் கேட்கப்படுவது அந்தச் சான்றிதழ்தான். நீங்கள் தனியாக வாங்கும் காப்பீட்டைக் காட்டி ஒரு களத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள்.

5 ஜனவரி 2025, இரவு

மேலே எழுதியதில் உங்கள் மீது குறை சொல்லும் தொனி வந்திருந்தால் அது என் நோக்கம் இல்லை. உறுப்பினரைக் காப்பீடு வாங்கும் வாடிக்கையாளராகவே நடத்திவரும் ஓர் ஏற்பாட்டில், அவர் வாடிக்கையாளரைப் போலவே சிந்திப்பது இயல்பு. அந்த ஏற்பாட்டை மாற்றுவது பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

11 ஜனவரி 2025

சங்கத்தின் அமைப்பு எப்படி இருக்கிறது என்று வாசகர்கள் இருவர் கேட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடு 11 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதன் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு துணைத்தலைவர் உண்டு. இவர்களோடு தலைவரும் செயல் துணைத்தலைவரும் சேர்ந்ததே நிர்வாகக் குழு. நான் இருக்கும் டெக்சாஸ் எட்டாவது வட்டாரம். அதே வட்டாரத்தில் ஆர்கன்சாஸ், லூசியானா, நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா மாநிலங்களும் உள்ளன. உங்கள் கொலராடோ ஒன்பதாவது. ஐந்தாவது வட்டாரத்தில் புளோரிடா, ஜார்ஜியா உள்ளிட்ட தென்கிழக்கு மாநிலங்களோடு புவேர்ட்டோ ரிக்கோவும் சேர்கிறது. பத்தாவதில் கலிபோர்னியாவோடு ஹவாயும் குவாமும் சேர்கின்றன. ஒரு துணைத்தலைவர், பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், தான் நியமிக்கும் தன்னார்வ உதவியாளர்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நிலப்பரப்பையும் கவனிக்க வேண்டும். எங்கள் களத்துக்கு ஒருமுறை துணைத்தலைவர் வந்தபோது, அவர் அதற்கு முந்தைய நாள் வேறொரு மாநிலத்தில் இருந்தார் என்பதும், அன்றிரவே இன்னொரு கிளப்பின் கூட்டத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார் என்பதும் தெரியவந்தது. அந்த மனிதரின் உழைப்பை மதிக்காமல் சீர்திருத்தம் பேசுவது நியாயமாகாது.

ஆனால் அவர் எங்களிடம் பேசியது ரிமோட் ஐடி, அதாவது பறக்கும் விமானம் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானாக அறிவிக்க வேண்டும் என்ற எஃப்.ஏ.ஏ. விதி பற்றியும் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பது பற்றியும் மட்டுமே. நிர்வாகக் குழுவில் அவர் எந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக, எதற்கு எதிராக வாக்களித்தார் என்று எங்களில் எவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை. தேர்தல் நடந்த ஆண்டில் கிளப்பின் மாதக் கூட்டத்தில் யாரெல்லாம் வாக்களித்தீர்கள் என்று நான் கேட்டேன். இரண்டு கைகள் உயர்ந்தன. அக்கூட்டத்தில் ஓடுபாதைப் புல்லை எவ்வளவு உயரத்துக்கு வெட்டுவது என்ற பேச்சு அரை மணி நேரத்துக்கு மேல் சூடாக நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தங்கள் கைக்கு எட்டுகிற முடிவாக இருந்தால் இந்த மனிதர்கள் அக்கறையோடு வாதிடுவார்கள் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே என் முதல் கோரிக்கை எளியது. நிர்வாகக் குழுவின் ஒவ்வொரு தீர்மானத்திலும் எந்த வட்டாரம் எப்படி வாக்களித்தது என்பதை, தீர்மானத்தின் முழு வாசகத்தோடும், அதனால் களத்தில் என்ன மாறும் என்ற இரண்டு வரி விளக்கத்தோடும், கிளப் செயலாளர்களுக்குத் தவறாமல் அனுப்ப வேண்டும். அது கூட்டத்தில் வாசிக்கப்படும். வாசிக்கப்பட்டால் கேள்வி பிறக்கும்.

19 ஜனவரி 2025

"திறந்த நிர்வாகம் என்பது காகிதத்தில்தான் அழகாக இருக்கும்" என்று ஒருவர் ஆட்சேபித்திருக்கிறார். இந்தச் சங்கத்துக்குள்ளேயே அது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது என்பதே என் மறுமொழி. போட்டி விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுக்கயிறு விமானம், கட்டுப்பாடு ஏதுமின்றித் தானே பறக்கும் விமானம், ரேடியோ கட்டுப்பாட்டு ஏரோபேட்டிக்ஸ் (வான்சாகசம்), பந்தயம், கிளைடர் என ஒவ்வொரு துறைக்கும் ஒரு போட்டிக் குழு உண்டு. அதில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உறுப்பினர் இருக்கிறார். ஒரு விதி மாற்றத்தைச் சாதாரண உறுப்பினர் ஒருவர் முன்மொழியலாம். அது எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படும். முதல் வாக்கெடுப்பு நடக்கும். அதைத் தாண்டிய முன்மொழிவுக்கு மாற்று முன்மொழிவுகள் வரலாம். பிறகே இறுதி வாக்கெடுப்பு. நீளமான சுற்றுதான், ஆனால் முடிவில் தோற்றவருக்கும் தான் எதனால் தோற்றேன் என்று தெரிகிறது.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஏரோபேட்டிக்ஸ் போட்டிகளில் நடுவராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே விமானிகள் விதிப்புத்தகத்தின் எண்ணையும் பத்தியையும் சொல்லி வாதிடுவார்கள். காரணம், அந்தப் பத்தி எப்படி வந்தது, அதற்கு எதிராக யார் என்ன சொன்னார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே விமானிகளிடம் பாதுகாப்பு விதித்தொகுப்பில் ஒரு வரி ஏன் மாறியது என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள்.

ஒரு போட்டியில் திருப்பத்தை எத்தனை டிகிரியில் மதிப்பிடுவது என்பதற்கு இவ்வளவு நிதானமான நடைமுறை இருக்கும்போது, சட்டமே சுட்டிக்காட்டும் பாதுகாப்பு நெறிகளுக்கு அதைவிடக் குறைந்த நடைமுறை போதும் என்று எந்த அடிப்படையில் சொல்வது? விதித்தொகுப்பின் ஒவ்வொரு மாற்றமும் வரைவாக வெளியிடப்பட வேண்டும். உறுப்பினர்கள் கருத்துச் சொல்லக் குறிப்பிட்ட காலம் தரப்பட வேண்டும். வந்த கருத்துகளில் எது ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்பது எழுத்தில் சொல்லப்பட வேண்டும். இவை துணைவிதிகளிலேயே கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை.

2 பிப்ரவரி 2025

மேற்கண்டதைப் பற்றி இரண்டு வாரம் யோசித்த பிறகு ஒரு வரம்பு தேவை என்று தோன்றுகிறது. அவசரமான ஆபத்து ஒன்று தெரியவந்தால் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. உடனடியாக ஒரு தற்காலிக விதியைப் போடவும், அது குறிப்பிட்ட மாதங்களுக்குப் பிறகு தானாகக் காலாவதியாகவும், தொடர வேண்டுமானால் வழக்கமான சுற்றுக்குள் வரவும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

கருத்துக் கேட்பதால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறேன். ரிமோட் ஐடி விதியின் வரைவு 2019 டிசம்பர் கடைசியில் வெளிவந்தது. அதில், ரிமோட் ஐடி இல்லாமல் பறக்கவிடுவதற்கான களங்களுக்கு 12 மாதங்களுக்குள் மட்டுமே விண்ணப்பிக்கலாம், அதன் பிறகு புதிய களம் என்பதே கிடையாது என்று இருந்தது. அந்தக் களங்கள் ஒவ்வொன்றாக மறைய வேண்டும் என்ற எண்ணமே அதன் அடியில் இருந்தது. ஏறத்தாழ 53,000 கருத்துகள் குவிந்தன. சங்கம் தன் உறுப்பினர்களை எழுதச் சொல்லி ஓயாமல் தூண்டியது. நானும் என் மகனும் தனித்தனியாக எழுதினோம். 2021 ஜனவரியில் வெளிவந்த இறுதி விதியில் அந்த 12 மாத வரம்பு இல்லை. பள்ளிகளும் கல்லூரிகளும் விண்ணப்பிக்கலாம் என்ற புதிய வாசல் திறந்திருந்தது. அரசின் விதிக்கு நம் கருத்தைக் கேட்கும்படி சங்கம் போராடியது. அதற்காக அதன் மீது எனக்குள்ள மதிப்பு பெரியது. அந்த மதிப்பினால்தான் அதே உரிமையைச் சங்கத்துக்குள்ளும் கேட்கிறேன்.

16 பிப்ரவரி 2025

விபத்துகளைப் பற்றி எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இதுதான் எனக்கு மிக முக்கியமாகப்படுவது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் களத்தில் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய ஒரு பெரிய விமானம் கட்டுப்பாட்டை இழந்து, வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் முழு வேகத்தில் விழுந்தது. ஒரு வண்டியின் முன்கண்ணாடி நொறுங்கியது. யாருக்கும் காயம் இல்லை. இடிபாடுகளைப் பொறுக்கி மேசையில் வைத்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. சிக்னல் அறுந்தால் எஞ்சினின் வேகத்தைக் குறைக்க வேண்டிய ஃபெயில்சேஃப், கடைசியாக இருந்த நிலையிலேயே த்ராட்டிலை (எஞ்சின் வேகக் கட்டுப்பாட்டை) பிடித்து வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. புதிய ரிசீவரை டிரான்ஸ்மிட்டருடன் இணைத்தபோது அந்த அமைப்பை மறுபடி செய்ய வேண்டும் என்பது உரிமையாளருக்குத் தோன்றவில்லை. அவர் வண்டிக்காரருக்குப் பணம் கொடுத்தார். நில உரிமையாளரின் காதுக்குப் போனால் குத்தகை போய்விடும் என்று கிளப்பில் எல்லோரும் வாய்மூடி இருந்தோம். அடுத்த ஆண்டு பக்கத்து மாவட்டத்தில் வேறொரு கிளப்பில், ஏறத்தாழ அதே காரணத்தால், அதே வகை விபத்து நடந்ததாகப் போட்டி ஒன்றில் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டேன். அவர்களும் எங்கும் எழுதவில்லை.

இந்த மௌனத்துக்குக் காரணம், விபத்தைச் சொல்லும் வாசலும் நஷ்டஈடு கோரும் வாசலும் உறுப்பினரின் மனத்தில் ஒன்றாகவே இருப்பதுதான். சொன்னால் காப்பீட்டுக்காரர் வருவார், வழக்கறிஞர் வருவார், களம் போகும் என்று அவர் நினைக்கிறார். முழு அளவு விமானத் துறை இந்தச் சிக்கலை 1976-இலேயே எதிர்கொண்டது. விமானிகள் தங்கள் தவறுகளையும் மயிரிழையில் தப்பியவற்றையும் அச்சமின்றிச் சொல்வதற்காக, தண்டிக்கும் அதிகாரம் கொண்ட எஃப்.ஏ.ஏ.விடம் அல்லாமல், அந்த அதிகாரம் இல்லாத நாசாவிடம் தகவல் திரட்டும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. எழுதியவரின் அடையாளம் நீக்கப்பட்ட பிறகே தகவல் பிறருக்குப் போகும். ட்ரோன் விமானிகளுக்கும் அங்கே ஒரு படிவம் உண்டு. ஆனால் ப்ரொப்பெல்லர் விரலை வெட்டியதையும், லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வேனுக்குள் தீப்பற்றியதையும் எழுதுவதற்கு நமக்கென்று ஓர் இடம் வேண்டும்.

காப்பீட்டுப் பிரிவின் கைக்கு எட்டாத, பெயர் நீக்கப்பட்ட ஒரு பதிவேடு. அதிலிருந்து தேர்ந்தெடுத்த சம்பவங்கள் எல்லாக் கிளப்புகளுக்கும் திரும்பி வரும் ஏற்பாடு. இதை நடத்த நிர்வாகக் குழுவைச் சாராத சிறு குழு. சங்கத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்று என்னிடம் சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன்.

18 பிப்ரவரி 2025

சட்டத் துறையில் இருக்கும் ஒரு வாசகர், அத்தகைய பதிவேட்டை வழக்கில் நீதிமன்றம் கேட்டு வாங்கிவிட முடியும் என்று எச்சரித்திருக்கிறார். நாசாவின் ஏற்பாட்டுக்குப் பின்னால் அரசு விதி நிற்கிறது. தனியார் சங்கத்துக்கு அந்தக் கவசம் இல்லை. இது கனமான ஆட்சேபம். இதைப் படித்த பிறகு என் யோசனையைச் சற்றுச் சுருக்குகிறேன். யார், எங்கே, எப்போது என்பதை முதலிலேயே கேட்காத படிவமாக அது இருக்கட்டும். என்ன வகை விமானம், எடை எவ்வளவு, என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பவை போதும். கேட்டு வாங்குவதற்கு அடையாளமே இல்லாவிட்டால் கேட்பதில் பயனும் இல்லை. உறுதிசெய்ய முடியாத தகவல்கள் சில வந்து சேரும் என்பது உண்மைதான். இன்று கையில் ஒன்றுமே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

9 மார்ச் 2025

பணத்தைப் பற்றிப் பலர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். ஏ.எம்.ஏ. 501(சி)(3) வகை அறநிறுவனம். அதனால் அதன் 990 படிவம் எவரும் பார்க்கக்கூடியது, உயர் அலுவலர்களின் ஊதியமும் அதில் இருக்கும். மறைக்கிறார்கள் என்று எழுதுவதற்கு முன் அதைப் படித்துவிட்டு எழுதுங்கள். என் குறை வேறு. அந்தப் படிவம் வருமான வரித்துறைக்காக எழுதப்படுவது. என் சந்தாவில் காப்பீட்டுக்கு எவ்வளவு, இதழுக்கு எவ்வளவு, வாஷிங்டனில் வாதாடுவதற்கு எவ்வளவு, அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு, கிளப்புகளுக்கான உதவித்தொகைக்கு எவ்வளவு என்று ஒரு சாதாரண உறுப்பினரால் அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஒரு டாலர் சந்தா எங்கெங்கே போகிறது என்று ஒரே பக்கத்தில், ஆண்டுதோறும் அதே தலைப்புகளில், முந்தைய ஐந்து ஆண்டுகளின் எண்களையும் பக்கத்தில் வைத்து அச்சிட வேண்டும். தலைப்புகளை மாற்றாமல் இருப்பது முக்கியம். மாற்றினால் ஒப்பிட முடியாது.

12 மார்ச் 2025

இண்டியானாவின் மன்சி நகரத்தில் உள்ள சங்கத்தின் தலைமையக வளாகத்தை விற்றுவிட வேண்டும் என்று வாசகர்கள் தரப்பிலிருந்து வந்த யோசனைக்கு நான் உடன்படவில்லை. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட திறந்த நிலம் மாதிரி விமானங்களுக்கென்றே நிலையாகக் கிடைப்பது எளிதான காரியம் அன்று. தேசியப் போட்டிகள் ஒரு காலத்தில் ஊர் ஊராக நகர்ந்தன. 1948 முதல் 1972 வரை கடற்படை தன் தளங்களைத் தந்து ஆதரித்தது. அந்த ஆதரவு நின்ற பிறகு ஒவ்வோர் ஆண்டும் இடம் தேடி அலைந்த கதையை மூத்த உறுப்பினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கிருந்து மன்சிக்கு ஆயிரம் மைலுக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும் என்பது வருத்தம்தான். மேற்குக் கரையில் இருப்பவருக்கு அது இன்னும் அதிகம். மேற்கில் ஒரு துணை வளாகத்தைப் பற்றிப் பேசலாம், இருப்பதை விற்பதைப் பற்றிப் பேச வேண்டாம்.

30 மார்ச் 2025

இளைஞர்களைப் பற்றி ஒரு தாய் கேட்டிருந்தார். 19 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு உறுப்பினர் கட்டணம் கிடையாது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் நான் கவலைப்படுவது அதற்கு அடுத்த ஐந்தாறு ஆண்டுகளைப் பற்றி.

கல்லூரி அணிகள் விமானத்தை வடிவமைத்துக் கட்டிப் பறக்கவிடும் இரண்டு பெரிய போட்டிகள் இங்கே நடக்கின்றன: ஒன்று வானூர்தி, விண்வெளித் துறையினரின் சங்கமான ஏ.ஐ.ஏ.ஏ. நடத்துவது, மற்றது வாகன, விமானப் பொறியாளர்களின் சங்கமான எஸ்.ஏ.இ. நடத்துவது. இரண்டுக்கும் இந்தியாவிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்தும், அணிகள் வருவதுண்டு. விமானியாக நிற்பவர் ஏ.எம்.ஏ. உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. நான் உதவிசெய்த ஒரு மாணவர் அணியில், போட்டிக்கு முந்தைய மாதம் ஒரு மாணவி சந்தா கட்டி அட்டை பெற்றார். கார்பன் குழாயை இறக்கையின் நடுத்தண்டாக வைத்து அதன் வளைவைக் கணக்கிட்டவர். காற்று பலமாக வீசிய நாளில் சுமையோடு இறக்கி நிறுத்தியவர். போட்டி முடிந்தது, அட்டை காலாவதியானது. அவரை மறுபடி சேரும்படி அழைத்தது ஒரு பொதுவான நினைவூட்டல் மின்னஞ்சல் மட்டும்தான் என்று அவர் சொன்னார். அவர் வேலைக்குப் போன ஊரில் கிளப் இருந்தது. அங்கே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு, எல்லோரும் தன் தாத்தா வயதில் இருந்தார்கள், அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் தனக்கு அங்கே செய்ய எதுவும் இல்லை என்றார்.

அவருக்குச் செய்ய எதுவும் இல்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாதுகாப்பு நெறிகளை ஆராயும் குழுவிலும், மேலே நான் கேட்ட விபத்துப் பதிவேட்டை ஆராயும் குழுவிலும், இருபதுகளில் உள்ள பொறியாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் வேண்டும். பழுதை ஆராய்வது அவர்கள் கற்ற வேலை. சலுகைச் சந்தாவைவிட ஒரு பொறுப்பு அவர்களை உள்ளே வைத்திருக்கும்.

20 ஏப்ரல் 2025

டென்வர் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார்: இவற்றில் எதையும் சாதாரண உறுப்பினர் செய்ய முடியாதே, எங்கிருந்து தொடங்குவது என்று.

கிளப்பிலிருந்து தொடங்க வேண்டும். சமூக அடிப்படையிலான அமைப்பு என்பதற்குச் சட்டம் தரும் வரையறையைப் படியுங்கள்: உறுப்பினர்களைக் கொண்டிருப்பது, உள்ளூர்க் கிளப்புகளுக்கு ஆதரவளிப்பது, பறக்கும் களங்களை உருவாக்கவும் நடத்தவும் உதவுவது ஆகியவை அதில் நேரடியாகவே இருக்கின்றன. ரிமோட் ஐடி இல்லாமல் பறக்க அனுமதிக்கப்பட்ட களத்துக்கான ஒப்புதல் 48 மாதங்களுக்கு மட்டுமே செல்லும். அதைப் புதுப்பிக்கக் கிளப்பின் பொறுப்பாளர்கள் விழிப்பாக இருக்க வேண்டும், சங்கமும் அவர்களோடு வேலை செய்ய வேண்டும். இரு தரப்புக்கும் மற்றவரின் தேவை இருக்கும் இடம் இது. அங்கே கேட்கப்படும் கேள்விக்குப் பதில் வரும்.

எங்கள் கிளப்பில் இந்த மாதக் கூட்டத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். களத்துக் கொட்டகையில் பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு விபத்துக் குறிப்பேட்டை வைக்கிறோம். ஃபெயில்சேஃப் கதையை அதன் முதல் பக்கத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு, நான் எழுதியிருக்கிறேன். நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் பிறகு எங்கள் வட்டாரம் எப்படி வாக்களித்தது என்பதை எழுத்தில் தரும்படி துணைத்தலைவருக்குக் கிளப்பின் பெயரில் கடிதம் அனுப்புகிறோம். அண்டைக் கிளப்புகள் இரண்டு அதே கடிதத்தைத் தங்கள் பெயரிலும் அனுப்ப ஒப்புக்கொண்டுள்ளன. பதில் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன். நீங்கள் ஒன்பதாவது வட்டாரத்திலிருந்து எழுதுவதாக இருந்தால் கடிதத்தின் வாசகத்தைத் தருகிறேன்.